கேசட்டில் வெட்டிய குரல்

பதினொன்றாம் வகுப்பில் நான் மீடியா பாடத்தை எடுத்ததற்குப் பெரிய லட்சியம் எதுவும் காரணமில்லை. மற்ற பாடங்களை எல்லாம் கோலார் தங்கவயலிலேயே இருந்து படித்து முடித்துவிடலாம். இதை மட்டும் பெங்களூருக்குப் போகாமல் தொடர முடியாது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எனக்கு அது போதும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பாடம் அந்த வருடம்தான் வந்தது. வகுப்பில் ஆறு பேர். இங்கிலீஷ் டீச்சர் தலையில் அதைக் கட்டியிருந்தார்கள். அவரும் பாவம், முதல் நாள் ராத்திரி படித்துவிட்டு மறுநாள் எங்களுக்கு நடத்துவார். கேமரா கிடையாது, அதனால் கரும்பலகையில் கேமராவை வரைந்து பாகம் குறித்தோம். இன்னொரு படமும் உண்டு. சொல்பவருக்கு ஒரு கட்டம், கேட்பவருக்கு ஒரு கட்டம், நடுவில் ஓர் அம்புக்குறி, கேட்பவரிடமிருந்து திரும்பி வரும் இன்னோர் அம்புக்குறி. திரும்பி வரும் அம்பை விட்டால் இரண்டு மார்க் போச்சு என்பார் டீச்சர். நான் ஒருமுறைகூட அதை விட்டதில்லை.

அந்த இரண்டு வருடமும் ஓர் இடத்தில் உட்கார என்னால் முடியவில்லை. காலையில் பெங்களூர் ரயில் ஊதினால் வாசலுக்கு ஓடிவந்து நிற்பேன். எங்கள் லைன் வீடுகளில் ஒருவர் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். காற்றடித்தால், மைனில் தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டின் தூசி சோற்றுத் தட்டுவரை வரும். மைனை மூடப்போகிறார்கள் என்று ஆண்டர்சன்பேட்டை கடைகளில் பேசிப் பேசியே பொழுதைப் போக்கினார்கள். மூடுவதற்குள் நான் கிளம்பிவிட வேண்டும், இல்லையென்றால் இந்த ஊரோடு சேர்த்து என்னையும் மூடிவிடுவார்கள் என்று உண்மையாகவே பயந்தேன்.

அப்பா சுரங்கத்தின் ஷாஃப்டில் பெல் அடிக்கிறவர். பூமிக்கடியில் ஒவ்வொரு லெவலிலும் கேஜில், அந்த இரும்புக் கூண்டு லிஃப்டில், ஆட்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து, மேலே இருப்பவர்களுக்குப் பெல் அடித்துச் சொல்வது அவர் வேலை. வீட்டில் அவரிடம் பேசுவது பொறுமையைச் சோதிக்கிற காரியம். எதைச் சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்வார். "உப்பு தீந்துபோச்சி" என்று அம்மா சொன்னால், "உப்பு தீந்துபோச்சி" என்பார். அதோடு சரி. சாயங்காலம் உப்பு வந்துவிடும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"அப்பா, நான் பெங்களூர்ல காலேஜ் படிக்கணும். ஹாஸ்டல்ல இருந்து."

"பெங்களூர்ல காலேஜ் படிக்கணும். ஹாஸ்டல்ல இருந்து," என்றார். பிறகு எதிரே வந்தவரிடம் ஸ்தோத்திரம் சொல்லி நின்றுவிட்டார்.

ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாதம் பார்த்தேன். பதில் வரவில்லை. இரண்டாவது தடவை கேட்டால் 'வேணாம்' என்று வந்துவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. பயம் நாளாக ஆகக் கோபமாகிவிட்டது. அம்மாவிடம் எரிந்து விழுந்தேன், தட்டை ஓசைப்பட வைத்தேன். இதற்கிடையில் கட்டிலடிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. மைன் மூடினால் அப்பா தன் சாமான்களை எடுத்து வைக்கத்தான் என்று நினைத்து, அதன்மேலும் கோபப்பட்டேன்.

கிறிஸ்துமஸ் லீவில் டீச்சர் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார். பத்து நிமிட ரேடியோ பேட்டி, கேசட்டில் பதிவு செய்து தர வேண்டும். சர்ச் பாடகர் குழுவின் டேப் ரிக்கார்டரைக் கெஞ்சி வாங்கி வந்து, அப்பாவை எதிரில் உட்கார வைத்தேன். அவர் தலைவாரி, சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கீழேர்ந்து பெல் அடிச்சா மேல இருக்கிறவர் என்ன பண்ணுவார்?"

"கீழேர்ந்து பெல் அட்ச்சா மேல இருக்கிறவர் இன்னா பண்ணுவார்," என்று அப்பா ஆரம்பித்தார். "அதே பெல்லை அப்டியே திருப்பி அடிப்பாரு. மூணு அட்ச்சா மூணு. அப்பத்தான் கேட்டுச்சி, சரின்னு அர்த்தம். திருப்பி அடிக்காம கேஜு நவுராது."

நான் தலையாட்டினேன். ஆனால் கண் முழுக்க டேப் சுற்றுவதிலேயே இருந்தது. ஒவ்வொரு கேள்வியையும் அவர் திருப்பிச் சொல்லச் சொல்ல, பத்து நிமிடத்தில் பாதி இப்படியே போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் தோழி வீட்டு டேப் ரிக்கார்டரையும் பக்கத்தில் வைத்து, அவர் திருப்பிச் சொன்ன இடங்களை எல்லாம் விட்டுவிட்டு வேறு கேசட்டில் ஏற்றினேன். பெல்லைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் நாலைந்து தடவை ரிவைண்ட் செய்து கேட்டிருப்பேன். 'தெளிவான பேட்டி' என்று டீச்சர் எழுதினார். டேப் ரிக்கார்டரோடு திருப்பிக் கொடுத்த முதல் கேசட்டில், அப்பா குரலின் மேலேயே பாடகர் குழு ஈஸ்டர் பாட்டைப் பதிவு செய்துகொண்டது.

காலேஜ் விண்ணப்பத்தைப் பள்ளிக்கூடம் மூலமாக அனுப்ப வேண்டும். தகப்பனார் கையெழுத்து வேண்டும். கடைசி நாளுக்கு முந்தின நாள்வரை அதைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். அப்பா ஷிஃப்டுக்குப் போனபிறகு ப்ரோக்ரஸ் கார்டைப் பார்த்துப் பார்த்து அவர் கையெழுத்தை நானே போட்டேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நல்லது. அவர் கையெழுத்து எப்போதும் கொஞ்சம் கோணலாக இருக்கும். நான் போட்டது அச்சுப்போல இருந்தது.

மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் அந்தக் கையெழுத்தில் சந்தேகப்பட்டு, என் ப்ரோக்ரஸ் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டு அப்பாவுக்கு ஆள் அனுப்பிவிட்டார். ஷிஃப்ட் முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், பூட்ஸில் காய்ந்த சேற்றோடு அப்பா வந்தார். மேஜைமேல் விண்ணப்பமும் ப்ரோக்ரஸ் கார்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.  பெங்களூர் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு என்று நினைத்தேன். அதைவிட, அப்பா அந்தக் காகிதத்தைப் பார்ப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

"இது உங்க கையெழுத்தா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"இது என் கையெழுத்தா," என்றார் அப்பா. காகிதத்தைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். "என்னுதுதான் சிஸ்டர். பொண்ணு காலேஜு விஷயமாச்சே, கொஞ்சம் அழகா போட்டேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் அழுதுகொண்டே நடந்தேன்.

"எதுக்குப்பா பொய் சொன்னீங்க?"

இந்தத் தடவை அவர் திருப்பிச் சொல்லவில்லை.

"அன்னைக்கு சர்ச்சிலேர்ந்து வரும்போது கேட்டே. நான்தான் திருப்பிச் சொன்னேனே. அப்பறம் இன்னாத்துக்கு நின்னுகினு இருந்தே?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.  லைன் வீடுகளுக்குத் திரும்பும் இடத்தில் அவர் நின்றார்.

"கட்டிலுக்கு அடியில ஒரு பொட்டி கீது பாரு. அது உனுக்குத்தான்."

"அது எனக்குத்தான்," என்றேன்.

அப்பா தலையாட்டிவிட்டு முன்னே நடந்தார்.