கயிற்றில் கட்டிய வெயில்

நேசம் மாமியின் வீட்டில் வெயிலுக்கு ஒரு கயிறு இருந்தது. படுக்கையறைச் சுவரில் ஆணி அடித்து, அதில் சுற்றி வைத்திருப்பார். இழுத்துக் கட்டினால் அறைக்குள் வெயில் வரும், அவிழ்த்து விட்டால் போய்விடும். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை நடந்து பார்த்தாலும் இப்படி ஒரு கயிறு வேறு வீட்டில் கிடைக்காது. அதனால் மாமியின் கணவரை நாங்கள் 'வெயில்மூடி ஜஸ்டஸ்' என்றுதான் சொல்வோம். அவர் காதில் விழுந்தால், "எவம்லே அது?" என்று மூக்கால் கேட்பார். பக்கத்து வீட்டுக்காரனான நான் அதை அப்படியே செய்து காட்டுவேன். முதலில் சிரிப்பது மாமியாகத்தான் இருக்கும்.

மாமி பிறந்தது அடுத்தவர் விளைநிலத்தில் நின்ற ஓலைக் குடிலில். விளைக்காரர் ஓடு போட விடமாட்டார். ஓடு ஏறிவிட்டால் பிறகு ஆளை இறக்க முடியாது என்று அவருக்குப் பயம். அந்தக் குடிலுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். பட்டப்பகலிலும் உப்புச் சிரட்டையைக் கையால் தடவித்தான் எடுப்பார்கள். ஜஸ்டஸ் மாமா கல்யாணம் முடிந்து வந்து தங்கியதும் அதே குடிலில்தான். முதல் நாளே வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

பிறகு நிலச் சட்டம் வந்தது. குடியிருந்தவர்களுக்கே பத்து சென்ட் என்று ஆனது. ஊரில் சிலர் வேலி கட்டினார்கள், சிலர் தென்னை வைத்தார்கள். மாமி ஒன்றும் செய்யாமல் காத்திருந்தார். கம்பி கட்டும் வேலை தெரிந்த மாமா கல்ஃபுக்குப் போய், அங்கிருந்து பணம் வரத் தொடங்கியதும் மாமி வீடு கட்ட ஆரம்பித்தார். ஓட்டு வீடு. ஓடு மேய வந்த மோகனனிடம் கண்ணாடி ஓடு வேண்டும் என்றார். அது எல்லோரும் வைப்பதுதான். அடுக்களையில் ஒன்று, புகைக்குள் சட்டி தெரிவதற்கு. மாமி கேட்டது மூன்று. அதுவும் படுக்கிற அறையில், கட்டிலுக்கு நேர் மேலே.

மோகனன் மேலே இருந்தபடியே சிரித்தான். "நேசம் சேச்சீ, எல்லாருக்க வீடும் மழையத்து ஒழுகும். உங்க வீடு வெயிலத்து ஒழுகப் போகுது."

ஒழுகட்டும், நீ வை என்றார் மாமி.

அந்தக் காலத்தில் கல்ஃபுக்குப் பேச்சை கேசட்டில் பதிந்து அனுப்புவார்கள். மாமியும் ஒரு கேசட் நிறையப் பேசினார். கட்டிலில் விழும் மூன்று வெளிச்சச் சதுரத்தையும், அதில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவதையும், மகள் தலையில் பேன் பார்ப்பதையும் ஒன்று விடாமல் சொன்னார். பதில் கேசட் வந்தது. முதலில் காற்று இரைந்தது. யாரோ இருமினார்கள். பிறகு மாமாவின் குரல்: "எட்டி நேசம், இங்க சும்மா கெடக்குத சாதனத்தயாட்டி நீ காசு குடுத்து வாங்கி வச்சிருக்கா?"

இந்த ஒரு வரிக்காக அந்த கேசட்டை நாங்கள் நாடா சிக்கும் வரை போட்டுக் கேட்டோம்.

மாமா முதல் விடுப்பில் வந்தார். ஆள் கருத்து, கண்ணோரம் சுருங்கிப்போயிருந்தது. மீன்கறியும் மரச்சீனிக் கிழங்கும் தின்றுவிட்டு, புது வீட்டில் புதுக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். உச்சி வெயில் நேராக அவர் முகத்தில் இறங்கியது. தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றினார். வெயில் அங்கேயும் வந்தது. எழுந்து ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிக் கண்ணாடியை மூடினார். சாயங்காலம் மாமி துறட்டியால் சாக்கைத் தட்டிவிட்டார். மறுநாள் சாக்கு ஏறியது, இறங்கியது. கடைசியில் மாமா, மோகனனைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மண் ஓடு போடச் சொல்லப்போகிறேன் என்றார். மாமி ஏணியைத் தூக்கி எங்கள் வீட்டில் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனார்.

அதன் பிறகு நடந்த பேச்சு வேலிக்கு இந்தப் பக்கம் முழுசாகக் கேட்டது.

"நான் அங்க நெழலு காணாம கெடக்குதவனாக்கும்," என்றார் மாமா. "ஒரு துண்டு தகரம் கெடச்சா அதுக்க அடியில ஆறு பேரு தலைய மட்டும் நீட்டிட்டு சோறு தின்னுவோம். வீட்டுக்கு வந்தா இருட்டத்து கெடந்து ஒறங்கணும். வேற ஒண்ணும் நான் கேக்கல்ல."

 மாமி சத்தம் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்க அம்மை அந்தக் குடிலுக்க மூலையில எத்தன மாசம் கெடந்தா. கஞ்சி குடுத்ததும் நான், தொடச்சு விட்டதும் நான். மொகத்த கண்டது, செத்தப்பொறவு முற்றத்துல கொண்டு கெடத்துன அண்ணைக்காக்கும். எனக்கு ஆளு தெரியல்ல, கேட்டியளா. யாரோண்ணு நெனச்சேன்."

 மறுநாள் காலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்து ஏணியைக் கேட்டார். கூடவே நாலு மூங்கிலும் கேட்டார்.

கம்பி கட்டுகிற ஆள் அல்லவா? மூங்கில் சட்டத்தில் முடைந்த ஓலையை வைத்துக் கம்பியால் கட்டி ஒரு மூடி செய்தார். கண்ணாடிக்கு மேலே கூரையில் அது சறுக்கி நகரும். அதில் கட்டிய கயிறு முகட்டைத் தாண்டி, மறுபக்க இறவாரத்தின் வழியாக அறைக்குள் இறங்கும். இழுத்தால் மூடி முகட்டுக்கு ஏறும், விட்டால் சறுக்கி வந்து கண்ணாடியை மூடும். முதல் நாள் இழுத்ததும் கயிறு அறுந்து, மூடி பறந்து எங்கள் மரச்சீனி விளையில் விழுந்தது. மோகனன் அந்த வழியாகப் போனவன் நின்று பார்த்துவிட்டு, "அண்ணோ, காத்துக்கும் ஒரு மூடி செய்யுங்க," என்று சொல்லிவிட்டு ஓடினான். இரண்டாம் முறை நைலான் கயிறு. அது நின்றது.

காலை வெயில் மாமிக்கு, உச்சைப்பொழுது மாமாவுக்கு என்று ஏற்பாடானது. உச்சை எப்போது முடிகிறது என்பதில் மட்டும் விடுப்பு தீரும் வரை சண்டை.

அவர் திரும்பிப் போன பிறகு கயிற்றைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் உச்சையானால் மாமி அதை அவிழ்த்துவிடுவார். இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். அங்கே யார் உறங்குகிறார்கள் என்று கேட்டால், போய் வேலையைப் பாரு மக்கா என்பார்.

நாட்டிலேயே தங்கிவிட மாமா வந்தபோது நெஞ்சில் சளியும் வந்திருந்தது. அந்தக் கட்டிலில்தான் கிடந்தார். மாமி கஞ்சி கொடுத்தார், துடைத்துவிட்டார், உச்சையானால் கயிற்றை அவிழ்த்தார். அப்படி அவிழ்த்த ஒரு நாள் நடந்ததை மாமி மாமாவின் குரலிலேயே சொல்லுவார். நான் செய்வதைவிட நன்றாக இருக்கும்.

"நேசம், கயித்த வலிச்சுக் கட்டு."

"உச்ச உங்களுக்க நேரமாக்கும். கண்ண மூடிட்டு ஒறங்குங்க."

"வலிட்டி. பொறவு, ஆளு தெரியல்லண்ணு நீ சொல்லப்பிடாது."

மாமி கயிற்றை இழுத்து ஆணியில் சுற்றினார். மாமா இருந்த வரைக்கும் அதை அவிழ்க்கவே இல்லை.