மூன்றில் இரண்டு பங்கு புடவை

எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டில், பங்குச் சந்தையில் புழங்கும் டெரிவேட்டிவ்களுக்கு விலை காணும் கணிதத்தை விருப்பப் பாடமாக எடுத்தேன். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா பேருந்து நிலையத்துக்கும் கோயில்களுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பங்குச் சந்தை எனக்குத் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்தாக மட்டுமே பழக்கம். நான் மோசமாக எழுதியிருந்த முதல் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுத்த மேடம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை போர்டுல ஒரு ஆப்ஷனுக்கு வெல போட்டுக் காட்டு. புரிஞ்சிருந்தா இந்தப் பேப்பர்லயே இரு. இல்லன்னா புள்ளியியலுக்கு மாறிக்கோ. தப்பு ஒண்ணுமில்ல."

மாற எனக்கு மனமில்லை. புரியாவிட்டாலும் அந்தப் பாடத்தில் ஏதோ பெரிதாக ஒளிந்திருக்கிறது என்று தோன்றியது.

ஆப்ஷன் என்றால் என்ன என்பது வரைக்கும் தெரியும். அக்கா பட்டுக்கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். கல்யாண வீட்டார் ஒரு புடவை பிடித்துப்போய், "இதை எடுத்து வைங்க, அடுத்த மாசம் வந்து இதே வெலைக்கு வாங்கிக்கறோம்" என்பார்கள். விலை ஏறினால் ஓடி வருவார்கள். இறங்கினால் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வாங்கும் உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. அதுவேதான் ஆப்ஷன். கடை அதைச் சும்மா கொடுக்கிறது. காசு வாங்குவதானால் எவ்வளவு வாங்கலாம்?

இன்று பத்தாயிரத்துக்கு விற்கும் புடவை அடுத்த மாதம் பன்னிரண்டாயிரம் ஆகும், அல்லது ஒன்பதாயிரம் ஆகும் என்று வைத்துக்கொண்டேன். ஏறினால் எடுத்து வைக்கச் சொன்னவருக்கு இரண்டாயிரம் லாபம். இறங்கினால் ஒன்றுமில்லை. ஏறுவதற்கு எத்தனை வாய்ப்பு என்று தெரிந்தால் கணக்கு முடிந்தது. சாப்பிடும்போது அக்காவிடம் கேட்டேன்.

"ஏறும். கண்ண மூடிக்கினு எழுது. வெள்ளி ஏறிக்கினே போவுது, ஜரிகை மட்டும் சும்மா இருக்குமா?"

"எறங்கும்பா," என்றார் அப்பா. "ஏறுனது எறங்காத எங்க போவும்?"

"நீ ஆட்டோவ ஓட்டு நைனா. கடையில நிக்கிறது நானா நீயா?"

"கடையில நிக்கிறவ ஏறும்னுதான் சொல்லுவ. நாள் முழுக்க வாங்க வர்றவங்கள ஏத்திக்கினு போறவன் நான். எறங்கும்னுதான் அவங்க பேசிக்கினு வர்றாங்க."

சோறு ஆறிப்போகும்வரை சண்டை ஓயவில்லை. யார் பக்கம் எழுதுவது? சமரசமாக ஆளுக்குப் பாதி என்று வைத்து, ஆயிரம் ரூபாய் என்று விடை எழுதினேன்.

அதை வாலாஜாபாத்திலிருந்து வரும் என் வகுப்பு நண்பனிடம் காட்டினேன். "பாதிப் பாதின்னு யார்றா சொன்னது? உங்க நைனாவா, அக்காவா?" என்று சிரித்தான். "மேடம் வாய்ப்ப பத்திப் பேசவே இல்லியேடா. ஆப்ஷன்ல வர்ற மாதிரியே பணம் வர்ற வேற ஒண்ண வாங்கி வெய்யின்னுதானே சொன்னாங்க?"

அந்த வழியில் மறுபடி உட்கார்ந்தேன். கடை கொஞ்சம் கடன் வாங்கி, கொஞ்சம் புடவையை இப்போதே வாங்கி வைக்க வேண்டும். விலை ஏறினாலும் இறங்கினாலும், கொடுக்க வேண்டியது கையில் இருக்க வேண்டும். எத்தனை புடவை? சமன்பாடு சொன்னது: மூன்றில் இரண்டு பங்கு.

"முந்தானை உனக்கு, உடல் எனக்கா?" நண்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முகூர்த்தப் புடவையைக் கத்திரியால வெட்டுவியாடா? பட்டு நெய்யற இந்த ஊர்ல பொறந்துட்டு!"

எனக்கும் அது பாவம்போலத்தான் இருந்தது. தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து வேறு எண்கள் வைத்துப் பார்த்தேன். எதை வைத்தாலும் புடவை வெட்டுப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை கல்லூரிப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் தோன்றியது: ஒருவருக்கு எடுத்து வைத்தால்தானே வெட்ட வேண்டும்? மூன்று பேருக்கு எடுத்து வைத்தால் இரண்டு முழுப் புடவை!

வகுப்பில் போர்டில் பத்தாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரத்துக்கு ஒன்று, ஒன்பதாயிரத்துக்கு ஒன்று என்று கிளைபோல இரண்டு கோடுகள் இழுத்து, பக்கத்தில் கணக்கை எழுதினேன். பதினெட்டாயிரம் கடன், மேடம் வட்டியை இப்போதைக்கு மறக்கச் சொல்லியிருந்தார். இரண்டு புடவை இருபதாயிரம். குறைகிற இரண்டாயிரத்தை அந்த மூன்று பேரிடமும் வாங்குகிறேன். விலை ஏறினால் இரண்டு புடவையும் இருபத்து நான்காயிரம் பெறும். கடன் போக ஆறாயிரம் மிச்சம். ஆளுக்கு இரண்டாயிரம் என்று மூன்று பேருக்கும் சரியாகப் போய்விடும். இறங்கினால் பதினெட்டாயிரம்தான் பெறும். கடன் அடைந்தது. மூன்று பேரும் வரப்போவதில்லை. மிச்சமும் இல்லை, நட்டமும் இல்லை.

மூன்றுக்கு இரண்டாயிரம். ஒன்றுக்கு அறுநூற்று அறுபத்தாறு, சொச்சம்.

எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. ஏறுமா இறங்குமா என்ற கேள்விக்குப் போர்டில் இடமே இல்லை. அக்கா வந்து கேட்டாலும் அப்பா வந்து கேட்டாலும் இதே விலைதான். ஊரே அடித்துக்கொள்ளும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமலேயே சரியான விடைக்கு வர முடிகிறது. கோபுர வாசலில் முதன்முறை அண்ணாந்து பார்க்கும் சின்னப் பிள்ளைபோல அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நெஜத்துல ரெண்டே வெலதான் வருமா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம்."

"அப்போ?"

புள்ளியியல் வகுப்பு எந்த அறையில் நடக்கிறது என்றுகூட யோசித்துவிட்டேன். மேடம் நாற்காலியிலிருந்து எழவில்லை. "ரெண்டு நுனியிலயும் இன்னும் ரெண்டு கிளை போடு. அதே கணக்குல ஏத்து, அதே கணக்குல எறக்கு."

போட்டேன். பன்னிரண்டாயிரம் பத்தில் ஒரு பங்கு இறங்கிப் பத்தாயிரத்து எண்ணூறு ஆனது. ஒன்பதாயிரம் ஐந்தில் ஒரு பங்கு ஏறி அதுவும் பத்தாயிரத்து எண்ணூறு ஆனது. ஏறி இறங்கினாலும் இறங்கி ஏறினாலும் ஒரே புள்ளி. இரண்டு கோடுகளும் அங்கே வந்து தொட்டன.

"மேடம், இது சேருது!" என்று கத்தியேவிட்டேன். வகுப்பு சிரித்தது.

"சேரும். இன்னும் போடு, எத்தன வெல வேணும்னாலும் வரும்," என்றார். "எடம் பத்தலன்னா என் எழுத்த அழிச்சிக்கோ."

அவருடைய பாடத்தை அழித்துவிட்டு மூன்றாவது வரிசைக் கிளைகளைப் போடத் தொடங்கினேன்.