கிழியாத பத்துச் சட்டைகள்

சீருடைத் துணி எத்தனை நாள் உழைக்கும் என்று சோதிப்பதுதான் 2012 இல் என் வேலை. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து, சுங்குவார்சத்திரம் விடுதியில் தங்கியிருந்த பன்னிரண்டு பெண்களுக்கு ஆளுக்கொரு சட்டை கொடுத்தேன். ஆறு மாதம் வேலைக்குப் போட்டுத் துவைத்துத் திருப்பித் தரச் சொன்னேன்.

பத்துச் சட்டைகள் திரும்பி வந்தன. சாயம் போகவில்லை, ஒரு தையல்கூட விடவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாத் தொழிலாளர்களுக்கும் இதே துணியை வாங்கலாம் என்று அறிக்கை எழுதிப் பையில் வைத்துக்கொண்டு, மீதி இரண்டை வாங்க விடுதிக்குப் போனேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த செல்வி தயங்கித் தயங்கி அவற்றை நீட்டினாள். இரண்டும் அக்குளில் கிழிந்து, முழங்கையில் நைந்திருந்தன.

“ஏசாதீங்க மேடம். நானும் என் ரூம்மேட்டும் மட்டுந்தான் தெனமும் போட்டோம்.”

“அப்ப மத்தவங்க?”

“புதுச் சட்டைய லைன் வேலைக்குப் போட்டுப் பாழாக்குவாங்களா? ஊருக்குப் போறப்ப மட்டும் போட்டுட்டு, பெட்டியில மடிச்சு வச்சிருந்தாங்க.”

பையிலிருந்த அறிக்கையை எடுத்து அங்கேயே கிழித்துப் போட்டேன். துணியைப் பற்றி அவ்வளவு படித்த எனக்கு, என் பீரோவிலும் அப்படி மடித்து வைத்த சட்டை இருப்பது அதுவரை ஞாபகம் வரவில்லை.

அடுத்த சோதனைக்கு ஆளுக்கு இரண்டு சட்டை கொடுத்தேன். ஒன்று சோதனைக்கு. இன்னொன்று ஊருக்குப் போட்டுப் போக.