முதலாளி தூங்குன கனவு

என் நாத்தனாருக்கு அம்பது வயசாச்சு, இன்னும் காலு தரையில படல. அடுப்புல பால் பொங்கி வழியும். இவ ஜன்னல்ல மேகம் போறதப் பாத்துட்டு நிப்பா. மேகம்னேதான் கூப்பிடுவேன். என் புருஷன் தவறிப் போனப்புறம் வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்.

அவளுக்குப் பெரிய கம்பெனியில, போன்ல வர்ற புகாரக் கேக்குற வேல. மாடி மாடியா ஆளு. பக்கத்து சீட்டுக்காரன் பேரு தெரியாது. ஆனா கம்பெனிக்குள்ளயே கம்ப்யூட்டர்ல பிளாக்குன்னு ஒரு பக்கம் இருக்காம். வேல பாக்குறவங்க எழுதலாம், வெளியாளு படிக்க முடியாது. மத்தவங்க மீட்டிங்கு, டார்கெட்டுன்னு எழுதுனா, இவ கண்ட கனவ எழுதுவா. அவ மாடி ஆளுங்க அதப் படிச்சுட்டுத்தான் ஹெட்போன மாட்டுவாங்களாம். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு, காலையில தலை வாரிக்கிட்டே வாயால சொல்லிட்டுப் போவா.

ஒரு நாள் கனவ எழுதி அனுப்புறப்ப, 'எங்க மாடிக்கு'ங்கற பட்டன விட்டுட்டு 'எல்லாருக்கும்'ங்கறத அமுக்கிட்டா. கனவு என்னன்னா, கம்பெனி முதலாளி இவ மேஜைக்கு அடியில சுருண்டு படுத்து, வாயப் பொளந்து தூங்குறாரு. மாடி முழுக்கப் பஞ்சு மாதிரி பனி. எல்லாரும் செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, அவரு முழிச்சிடாம நடக்குறாங்க. போன எடுத்தா மழச் சத்தம் கேக்குது.

சூப்பர்வைசர் ஓடி வந்து, "ஏம்மா, அவரு வாயப் பொளந்தத ஊருக்கே சொல்லணுமா? நாளைக்கு மேல் மாடிப் பெரிய ஆபீசருங்க வரச் சொல்றாங்க. உன் சீட்டு கிழியப் போகுது"ன்னுட்டாரு.

வீட்டுக்கு வந்தவளுக்கு முகம் செத்துப் போச்சு. "அண்ணி, வேல போனாக்கூட வேற பாத்துக்கலாம். பக்கத்த மூடிட்டா கனவ யாருகிட்டச் சொல்லுவேன்?"

"ஏன்டி, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீங்க பாதியிலயே போதும் நிறுத்தும்பீங்க."

அவ சொன்னது நெசந்தானே.

மறுநாள் மேல ஏறப் போறப்ப எனக்கு போன் போட்டா. "அண்ணி, என் கனவுக்குக் கீழ முதலாளியே எழுதிருக்காரு. 'நான் கண்ண மூடி மாசக்கணக்காச்சு. உங்க கனவுல நல்லாத் தூங்குனேனா?'ன்னு. என்ன பதில் போட?"

"குறட்ட விட்டாரா?"

"விட்டாரு."

"அப்ப நல்லாத்தான் தூங்கிருக்காரு. அதப் போடு."

போட்டா. மேல கூப்பிட்டவங்க டீ குடுத்து அனுப்பிட்டாங்க. பக்கமும் இருக்கு, வேலயும் இருக்கு. இப்ப மத்த மாடிக்காரங்களும் கனவா எழுதித் தள்ளுறாங்களாம்.

நானும் இப்பல்லாம் முழுசாக் கேக்குறேன். நேத்து என்னயும் கனவுல கூட்டிட்டுப் போயிருக்கா. மழச் சத்தம் கேக்குற அந்த போன நான் எடுத்து, ரொம்ப நேரம் சிரிச்சுப் பேசுனேனாம், அவ அண்ணன் இருந்தப்ப சிரிச்ச மாதிரி.

"யாருடி பேசுனது?"

பஸ்ஸு வந்துடுச்சுன்னு ஓடிட்டா கழுத. சாயங்காலம் வரட்டும்.