தலையணைக்கு அடியில் அரிவாள்

தாகம் என்னை எழுப்பிய ராத்திரிகளில் என் வீட்டுக்காரரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார். கண்களை மட்டும் இறுக மூடியிருப்பார். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தூக்கம் எது, நடிப்பு எது என்று தெரியாதா?

விளக்குப் போடாமல் அடுப்படிக்குப் போய்ச் சொம்பைக் கவிழ்த்துக் குடிப்பேன். மடக் மடக்கென்ற சத்தம் என் தொண்டையிலிருந்து வருவது போலவே இருக்காது. பக்கத்தில் யாரோ நின்று குடிப்பது போலிருக்கும். பிறகு வீட்டின் பின்புறம் ஒதுங்கிவிட்டு வருவேன். படுத்தால் மறுபடி நாக்கு ஒட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டும் ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. எல்லாம் உடம்புச் சூடு என்று நினைத்து, வெல்லம் கரைத்த பானகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். தாகம் இன்னும் கூடியது.

ஒரு காலையில் பாய் சுருட்டும்போது அவர் தலையணைக்கு அடியில் அரிவாள் இருந்தது. இரும்பு பக்கத்தில் இருந்தால் பேய் அண்டாது என்பார்கள் எங்கள் ஊரில். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இது யாருக்குங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உச்சி வேளையில அந்தக் கெணத்து மேட்டுல தக்காளி பறிச்சியே, அன்னையிலிருந்து நீ நீயா இல்ல. அமாவாசைக்குக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். வந்துரு."

அந்தக் கிணற்றில் ஒருத்தி விழுந்து செத்திருந்தாள். பாயைச் சுருட்டி மூலையில் வைத்தேன். அன்றிரவு குடிக்கும்போது, குடிப்பது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அமாவாசைக்கு முன்பே, ஒரு விடியலில், பின்புறம் நான் ஒதுங்கும் மூலையைப் பார்த்தேன். ஈரம் பட்ட இடமெல்லாம் எறும்பு சாரை சாரையாக மொய்த்துக் கிடந்தது. என் அம்மா ஒதுங்கிய இடத்திலும் இப்படித்தான் மொய்த்தது, சக்கரை வியாதியில் அவள் காலை வெட்டி எடுப்பதற்கு முந்தின வருஷம். சாமி, இது பேயாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பேயென்றால் ஓட்டிவிடலாம்.

தக்காளிப் பெட்டிகளோடு பாலக்கோட்டுக்குப் புறப்பட்ட வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். "சக்கரை ரொம்ப ஏறியிருக்குது. இதுல வெல்லத் தண்ணி வேறயாம்மா?" என்று டாக்டரம்மா அதட்டினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"சக்கரைதானா? நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டு இருந்தேன்."

அன்றிரவு படுத்ததும் தூங்கிப்போனார். நான் இருட்டில் என் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.