கேமராவுக்குப் பின்னால் கேட்ட குரல்

“காதுகுத்து, சாஆ. தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு.” வீடியோ கேசட்டின் முதுகில் அப்பாவின் கையெழுத்து. சாஆ எங்கள் ஊர்; ஆண்டு இல்லை. படத்தின் மூலையில் தேதி வரவேண்டிய இடத்திலும் வெறும் கோடுகளே மின்னின. கேமராவின் கடிகாரத்தை யாரும் சரிசெய்திருக்கவில்லை. காது குத்தப்பட்ட குழந்தை நான் என்பதால் ஆண்டை மட்டும் ஊகிக்க முடிந்தது.

அப்பா இறந்தபின் எங்கள் குடும்பத்தைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கத் தொடங்கினேன். அந்தப் பழைய காட்சிகளையும், அம்மாவை நான் எடுத்த பேட்டியையும் படத்தொகுப்பு செய்யும் நண்பனிடம் கொடுத்தேன். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து ஓட்டிப் பார்த்தவன் கேட்டான்:

“பழைய டேப்புல ஏன்டா உன் கொரல சேர்த்தே?”

“எந்த எடத்துல?”

திரும்ப ஓட்டினான். தாய்மாமன் மடியில் நான் அழுகிறேன். அப்பா பழத்தட்டுடன் பக்கத்தில் நிற்கிறார். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: “இங்க பாரு. சிரி.” அம்மா திரும்பிச் சிரிக்கிறார். அப்படி ஒரு சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை.

“நான் பேசலடா. நான்தான் அங்க அழுதுகிட்டு இருக்கேனே.”

“அலமாக்! அப்போ இது யாரு?” நண்பன் ஒலியை நிறுத்திவிட்டான்.

அந்த வாரமே அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

“யாரும்மா கேமரா புடிச்சது?”

“வீடியோ கடைக்காரன். சிகாமட்லேர்ந்து வந்தான்.”

“கடைக்காரரு உங்கள வா போன்னு பேசுவாராம்மா?”

“நீ என்ன, போலீஸா?” என்றவர், “படம் இருக்கட்டும். அந்தக் கொரல மட்டும் எடுத்துடு. இல்லன்னா நான் பேசினதையும் போடாதே” என்றார்.

அம்மாவின் பேட்டி இல்லாமல் படமே இல்லை. அந்தக் குரலை எடுத்துவிட்டேன்.

சரிதானா என்று அம்மாவிடமே கேட்க அந்தக் காட்சியை மறுபடியும் ஓடவிட்டேன். அம்மா திரையைப் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் அழுகை கேட்டது. பிறகு, குரல் இருந்த இடத்தில் நிசப்தம். அம்மா நிமிர்ந்து, தலையைத் திருப்பி, சிரித்தார். என்னைப் பார்த்து அல்ல, எனக்குப் பின்னால், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து. திரையில் இருந்த அம்மா அதற்குப் பிறகுதான் திரும்பினார்.

சிகாமட்டில் அப்படி ஒரு கடை இருந்ததாகச் சொல்ல இதுவரை யாரும் கிடைக்கவில்லை. மாமா நினைவில்லை என்கிறார். கேமராவைப் பிடித்தவர் கடைக்காரர் என்பது அம்மா சொன்ன தகவல்; இன்னும் சரிபார்க்கப்படவில்லை.