நார்ம் கோசிக்கின் பெயர்த்தகடு

நார்ம் கோசிக் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் சொல்ல வாய் வராது. டெட்ராய்ட்டுக்கு வடக்கே எங்கள் எஞ்சின் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் அவன் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் நான்.

கடைசி ஆறு வருஷம் இருவரும் கைக்கட்டுப் பிரிவில் இருந்தோம். பெரிய பந்தயக் குணமுள்ள கார்களுக்கான எஞ்சின்கள் அங்கே தயாராகும். அடிக்கூடான வெறும் பிளாக்கிலிருந்து கடைசி போல்ட் வரை ஒரே ஆள்தான் கட்டுவான். முடித்ததும் தன் கையெழுத்தும் தேதியும் பொறித்த சின்ன அலுமினியத் தகடு ஒன்றை அதன் தலையில் ஒட்டுவான். நார்ம் அதை ஒட்டிவிட்டுச் சட்டைக் கையால் ஒருமுறை துடைப்பான். அவன் பிள்ளைகள் மூன்று பேருக்கும் மூக்குத் துடைத்துவிட்டிருப்பானா என்பது சந்தேகம்.

அங்கே ஒரு விதி உண்டு. ஒரு வேலையின் நடுவில் யாராவது கூப்பிட்டு நீ திரும்பிவிட்டால், செய்ததைக் கழற்றிவிட்டு அந்த வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாங்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போவதுண்டு. நார்ம் போகமாட்டான். ஒருமுறை சூப்பர்வைசர் அவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வந்து கையை நீட்டினார். இவன் கை கொடுத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே ஒன்பது போல்ட்டைக் கழற்றி மறுபடி முறுக்கினான். அவர் முகம் போன போக்கைச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம்.

பிறகு ஒரு நவம்பர் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. எங்கள் பிரிவை மூடுகிறார்கள். இனி வேறு மாநிலத்தில் இயந்திரங்களே எஞ்சினைக் கட்டும். எல்லோரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு காப்பி இயந்திரத்தின் பக்கம் கூடினோம். ஒருவன் அழுதான். அரை மணி கழித்து நார்ம் மட்டும் திரும்பிப்போய்த் தன் எஞ்சினைக் கட்டி முடித்தான்.

"நான் மனசோட கட்டுற கடைசி எஞ்சின் இதுதான், டெல்" என்றான் என்னிடம்.

அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அது எந்தக் காருக்குப் போகிறது என்று தேடி, அந்தக் காரையே வாங்கினான். ஆரஞ்சு நிறம், நல்ல அகலம். தொழிற்சாலைக் கணக்குப்படி எழுநூற்று அறுபது குதிரைசக்தி. சில மாதம் ஓட்டிப் பார்த்தான், அவனுக்கு அது போதவில்லை.

"கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி. நான் கட்டினது தொள்ளாயிரம் தாங்கும். தாங்கிக் காட்டினப்புறம் சொல்லட்டும், மெஷின் நல்லாக் கட்டுமா, நான் நல்லாக் கட்டுவனான்னு."

வேகமாக ஓட்டும் ஆசை அவனுக்கு அவ்வளவாகக் கிடையாது. அந்தத் தொள்ளாயிரத்தைக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய பௌலிங் கூடத்துக்குப் பின்னால் லோரி ஹாஸ் பட்டறை வைத்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். புதுக் காருக்கு வலு ஏற்றுவதில் எங்கள் பக்கத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜருக்குச் சின்னப் புல்லி, பெட்ரோல் அதிகம் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள், அதற்கேற்றபடி காரின் கம்ப்யூட்டரில் மாற்றம் என்று எல்லாம் பேசி முடித்தபின் ஒன்று சொன்னாள்.

"பிளக்கைக் கழட்டி உள்ள கேமரா விட்டு ஒரு தடவ பாத்துடறேன், நார்ம். எந்த வண்டி வந்தாலும் முதல்ல பாப்பேன்."

"ஏம்மா, பேர் ஒட்டியிருக்கே, கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. இருந்தாலும் பாக்கறேன்."

"என்னைய சோதிக்கிறதா இருந்தா வண்டிய எடுத்துட்டுப் போறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். அவள் விட்டுக்கொடுத்தாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

வேலை முடிந்த அன்று, சனிக்கிழமைதோறும் கார்களோடு கூடும் எங்கள் கூட்டம் முழுவதும் பியர் டப்பாவும் கையுமாகப் பட்டறைக்கு வந்துவிட்டது. காரை நகராமல் பட்டையால் இழுத்துக் கட்டி, பின்சக்கரங்களை வலு அளக்கும் உருளைமேல் ஓடவிட்டாள். முதல் ஓட்டத்தில் எண்ணூற்று எழுபத்தொன்று. இரண்டாவதில் எண்ணூற்றுத் தொண்ணூற்று நாலு.

"இன்னும் ஒண்ணு" என்றான் நார்ம்.

மூன்றாவதில், இரும்புக் கதவை எட்டி உதைத்த மாதிரி ஒரு சத்தம். பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு பிளாக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. தரையெல்லாம் எண்ணெய். நார்ம்தான் முதலில் பேசினான்.

"என்ன பண்ணித் தொலைச்ச?"

அவள் எஞ்சினைத் திறந்து பார்க்கலாம் என்றாள். அவன் மூன்று வாரம் பிடி கொடுக்கவில்லை. அந்த மூன்று வாரமும் போகிற இடமெல்லாம், லோரி கம்ப்யூட்டரில் கைவைத்து எஞ்சினைக் கொன்றுவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். முன்பதிவு செய்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

கடைசியில் திறந்தபோது நாங்கள் மூவர்தான் இருந்தோம். ஒவ்வொரு பிஸ்டனையும் ராடோடு கோர்க்கும் ஆணி, அதாவது பின், நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் லாக் போட வேண்டும், கம்பி வளையம். எட்டில் ஏழு பிஸ்டனில் எல்லாம் சரி. ஐந்தாவதில் ஒரு பக்கம் லாக் இல்லை. தெறித்துப் போயிருந்தால் அது உட்காரும் பள்ளம் சிதைந்திருக்கும். பள்ளம் புதுசு போல இருந்தது. அந்த லாக்கை யாரும் போடவே இல்லை. அந்தப் பின் மெதுவாக நகர்ந்து நகர்ந்து சிலிண்டர் சுவரில் நகம் இறங்கும் ஆழத்துக்குக் கோடு போட்டிருந்தது. கேமரா விட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

லோரி துணியால் தகட்டைத் துடைத்தாள். நவம்பர், அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி. ஒரு லாக்கைப் போட்டிருக்கிறான், ஒலிபெருக்கி கூப்பிட்டிருக்கிறது. திரும்பி வந்தவன் முதலிலிருந்து தொடங்கவில்லை. வாழ்நாளில் அந்த ஒரு தடவை.

நார்ம் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தகட்டை நெம்பிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நான் சொன்னா தப்பிச்சுக்கப் பாக்கறாள்னுவாங்க" என்றாள் லோரி. "சனிக்கிழமை நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நார்ம். எனக்கு அது போதும்."

"சொல்றேன்" என்றான்.

ஹாட் டாக் கடைக்குப் பின்னால்தான் எங்கள் சனிக்கிழமைக் கூட்டம். வந்து நிறுத்தியதும் எல்லாரும் பானெட்டைத் தூக்கி வைக்க வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். அன்று நார்ம் என் பிக்கப் லாரியில்தான் வந்தான். இறங்கியதுமே கேட்டுவிட்டார்கள்.

"தொறந்தீங்களாமே, என்ன இருந்துச்சு?"

நார்ம் கையிலிருந்த காப்பியைப் பார்த்தபடியே சொன்னான். "கம்ப்யூட்டரைக் கிண்டினா வேற என்ன ஆகும்? டெல்லும்தான் இருந்தான், அவனையே கேளுங்க."

பத்து முகங்கள் என் பக்கம் திரும்பின. இருபத்தாறு வருஷத்துச் சிநேகம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெறும் கோழைத்தனம்.

"ஆமா, அவ வேலைதான்" என்றேன்.

லோரி நாலு மாதம் தாக்குப்பிடித்தாள். பிறகு பட்டறைக் கதவில் வேறு யாரோ மெத்தை விற்கும் பலகையை மாட்டினார்கள். நார்ம் காருக்கு வேறு எஞ்சின் வந்தது, இயந்திரம் கட்டியது. இப்போதும் சனிக்கிழமை தவறாமல் வருகிறான். பானெட்டை மட்டும் தூக்குவதில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

போன மாதம் என் லாரிக்கு டயர் மாற்ற நெடுஞ்சாலைக் கடைக்குப் போனேன். கடைச் சட்டை போட்டுக்கொண்டு லோரி குனிந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், தலையசைத்தாள், சக்கரத்தை மாட்டினாள். கையால் நட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது நட்டில் எனக்குப் பொறுக்கவில்லை.

"லோரி, அன்னைக்கு நான் உண்மையச் சொல்லியிருக்கணும்."

அவள் கை நின்றது. என் பக்கம் திரும்பினாள்.

"பேசி முடிச்சாச்சா?"

"ம்."

முறுக்கிய மூன்று நட்டையும் தளர்த்திவிட்டு, முதல் நட்டிலிருந்து ஆரம்பித்தாள்.